முள் ஏறிக்கொண்டே இருந்தது

அந்த இஸ்திரிக் கூடத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்த்த ஒரே ஆள் அவள்தான்.

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே அதைவிட மோசம். ஆள் நீள இரும்பு உருளைகளுக்குள் ஆவி ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஈரமாக உள்ளே போகும் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, அந்தப் பக்கம் புதுக் காகிதம் போல மொடமொடவென்று வெளியே வரும். மற்ற பெண்கள் எல்லாரும் நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்தபடி, காலடியில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலோடு நின்றார்கள். அவள் மட்டும் நீல ஸ்வெட்டருக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தாள்.

“மடிப்பக்கா! உனக்குள்ள யாராவது ஐஸ் ஃபேக்டரி வச்சிருக்காங்களா?”

கேட்டது வாயாடி. உருளைக்கு இந்தப் பக்கம் ஈரத் துணியை உள்ளே விடுகிறவள். அவள் பேச்சை நிறுத்தினால்தான் இயந்திரம் நின்றுவிட்டதோ என்று கூடமே திரும்பிப் பார்க்கும்.

பதில் உடனே வரவில்லை. ஒரு விரிப்பு உள்ளே போய் வெளியே வந்தது. இன்னொன்றும் வந்தது.

“காத்து அடிக்குதுடி” என்றாள் அவள்.

“எங்க அடிக்குது? ஜன்னலே மூடிக் கிடக்கு!”

மடிப்பக்கா என்பது பட்டப்பெயர். அவள் மடித்தால் விரிப்பின் நாலு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாக உட்காரும். உருளைக்கு அந்தப் பக்கம் நின்று, வரும் துணியைக் கையில் வாங்கி, காய்ந்திருக்கிறதா என்று உள்ளங்கையால் ஒரு தடவு தடவி மடிப்பது அவள் வேலை. அந்தத் தடவலில்தான் எல்லாம் இருக்கிறது. துணி ஈரமாக வந்தால் ஆவி குறைந்துவிட்டது என்று அர்த்தம். பாய்லர் அறையோ முற்றத்துக்கு அந்தப் பக்கம். ஒருத்தி தனியாகத் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதற்காகத் தூணில் ஒரு பொத்தான். அமுக்கினால் பாய்லர் அறையில் மணி அடிக்கும். ஆவி கொஞ்சம் குறைந்தால் ஒரு தடவை அமுக்குவாள். ரொம்பக் குறைந்தால் கையை எடுக்காமல் அமுக்குவாள்.

மணியைக் கேட்டுத் தீயைக் கூட்டுகிறவன் அவள் புருஷன். அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. முள்ளு. அழுத்தமானியின் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பான். சிவப்புக் கோட்டை முள் நெருங்கினால் தீயைக் குறைப்பான். சாப்பிடும்போதும் ஒரு கண் அதன்மேல் இருக்கும். அவன் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்த பாய்லரில் ஒரு திருகாணிகூடத் தெறித்ததில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் தேவையில்லாமலும் அந்தப் பொத்தானை அமுக்கினாள் என்பது கூடத்தில் இன்னும் பழசாகாத ஜோக். “மணி அடிச்சே ஆளைப் புடிச்சவ” என்பாள் வாயாடி. முன்பெல்லாம் அதற்கு மடிப்பக்கா ஈரத் துணியைச் சுருட்டி எறிவாள்.

இப்போது எறிவதில்லை. ஜோக் புரிவதற்கே நேரமாகிறது.

*

எல்லாம் ஒரு காகிதத்தில்தான் ஆரம்பித்தது.

அவளுக்குத் தைராய்டு குறைவு. சில வருஷங்களாகவே காலையில் எழுந்ததும் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அவ்வப்போது ஒரு ரத்தப் பரிசோதனை. டாக்டர் காகிதத்தைப் பார்ப்பார், தலையாட்டுவார், “இதையே சாப்பிடுங்க” என்பார். வீட்டில் யாரும் அந்தக் காகிதத்தைப் படித்ததில்லை. படிக்க அவசியமும் வரவில்லை.

இந்தத் தடவை டாக்டர் ஊரில் இல்லை. அவரைப் பார்க்கத் தேதி அடுத்த மாதம்தான் என்றார்கள். காகிதம் மட்டும் வந்துவிட்டது.

சாயங்காலம். சாப்பாட்டு மேஜையில் முள்ளுவின் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தையல்காரி. தம்பி குடும்பத்தோடுதான் இருந்தாள். வீட்டில் எந்தப் பேச்சு நடந்தாலும் அதன் ஓரத்தை மடித்துத் தைத்து முடிப்பது அவள்தான். மனைவி முட்டையை அவிய வைத்துவிட்டு அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“டி.எஸ்.எச்.னு போட்டிருக்கு” என்றான் முள்ளு, கண்ணாடியை மூக்கில் இறக்கி. “ஒன்பது. பக்கத்துல சிவப்புல ஒரு அம்பு. மேல பாக்குது.”

“அம்புன்னா என்னடா?”

“ஏறியிருக்குன்னு அர்த்தம்க்கா. நாலு, நாலரை வரைக்கும் இருக்கலாமாம். அதைத் தாண்டி எங்கயோ போயிடுச்சு.”

“எது போயிடுச்சு?”

“தைராய்டு.”

“நீ ஏதோ டி.எஸ்.எச்.னு சொன்னியே?”

“டி-ன்னா தைராய்டு. மிச்ச ரெண்டு எழுத்தும் சும்மா அலங்காரத்துக்கு.”

அக்கா வெங்காயத்தைக் கீழே வைத்தாள். “ஏன்டா, அவ தைராய்டு கம்மின்னுதானே மாத்திரை சாப்பிடறா?”

“கம்மியா இருந்துச்சு. மாத்திரை போட்டோம். போட்டுக்கிட்டே இருந்தோம். இப்ப கூடிப்போச்சு. குழாயைத் திறந்து விட்டுட்டே இருந்தா தொட்டி வழியாதா?”

“எனக்குக் கூடின மாதிரி ஒண்ணும் தெரியலைங்க” என்றாள் மனைவி, அடுப்பிலிருந்து திரும்பாமல். “அசதியாத்தான் இருக்கு.”

“வெடிக்கிறதுக்கு முன்னாடி பாய்லரும் அமைதியாத்தான் இருக்கும்.”

“நல்ல வார்த்தை வருதா பாரு வாயில!” என்றாள் அக்கா. “டாக்டர் வரட்டும்டா. அவர்கிட்ட கேட்டுட்டு எதா இருந்தாலும் செய்யி.”

“முள்ளு சிவப்புல நிக்குது. பாய்லர் இன்ஸ்பெக்டர் வரட்டும்னு டீ குடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றியா?”

அவன் அவளை நேசித்தான். அதுதான் வில்லங்கம். மறுநாள் காலை புது பிளேடு ஒன்றைப் பிரித்து, வெள்ளை மாத்திரையை மேஜையில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சரிபாதியாக அறுத்தான். தூள்கூடச் சிந்தவில்லை. பாதியை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

“தீயைப் பாதி குறைச்சாச்சு” என்றான். “இனிமே இறங்கும்.”

*

இறங்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து அதே லேபில் மறுபடி ரத்தம் கொடுத்தார்கள். காகிதம் வந்தது. முள்ளு அதை பாய்லர் அறையில் நின்றபடியே படித்தான். இரண்டாவது தடவையும் படித்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

இருபத்தெட்டு.

தீயைக் குறைத்தால் முள் ஏறுமா? எந்த பாய்லரில் ஏறும்?

யோசித்தான். ஒரே ஒரு விடைதான் கிடைத்தது. பாதி குறைத்தும் ஏறுகிறதென்றால் உள்ளே தீ தானாக எரிகிறது. அப்படிப்பட்ட நேரத்தில் குறைத்துக்கொண்டிருக்கக் கூடாது. மொத்தமாக அணைத்துவிட வேண்டும்.

“டாக்டர் வந்துட்டாராம்டா, போன் பண்ணினாங்க” என்றாள் அக்கா அன்று.

“இப்ப வேணாம்க்கா. பாதியாக்கினதைச் சொன்னா கத்துவாரு. நம்பரை இறக்கிட்டு நல்ல காகிதமா எடுத்துட்டுப் போவோம்.”

“அவளைக் கேட்டியா?”

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். வெகுநேரமாக ஒரே துண்டு.

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள். பாய்லர் வெடித்து யாரும் சாகாமல் இத்தனை வருஷம் பார்த்துக்கொண்ட ஆள் அவன். தவிர, எதிர்த்துப் பேசுவதற்கும் உடம்பில் கொஞ்சம் கனல் வேண்டும். அது அவளிடம் இல்லை.

மாத்திரை டப்பா அலமாரிக்கு மேலே போனது.

அப்புறம் அந்த வீட்டில் ஒவ்வொன்றாக அணைந்தது. காலையில் அவள் கண் இமைகள் வீங்கியிருந்தன. சீப்பில் முடி கொத்தாக வந்தது. முழங்கைத் தோல் உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. குரல் தடித்து, கரகரவென்று, யாரோ ஆம்பிளை ஜலதோஷத்தில் பேசுவது போல ஆகிவிட்டது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே பொங்க விட்டாள். பார்க்காமல் விட்டால் பரவாயில்லை. பார்த்துக்கொண்டே.

“எனக்குப் பயமா இருக்குடா” என்றாள் அக்கா. “முன்னெல்லாம் நான் ஒண்ணு சொன்னா இவ ஒன்பது சொல்லுவா. சண்டை போட ஆளு இருந்துச்சு. இப்ப நான் திட்டினா, ராத்திரி படுக்கப் போறப்பதான் பதில் வருது. அதுவும் ‘சரி அண்ணி’ன்னு! இவ எனக்கு எப்படா சரின்னு சொன்னா?”

“கொஞ்சம் பொறுக்கா. இறங்கிக்கிட்டு இருக்கும்.”

“எது இறங்குது? அவதான் இறங்கிக்கிட்டு இருக்கா!”

முள்ளு அலமாரிக்கு மேலே இருந்த டப்பாவை அண்ணாந்து பார்த்தான். அவனுக்கே அப்போது எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று தெரியவில்லை.

*

அன்றைக்கு மணி அடிக்கவே இல்லை.

காலை முழுக்க பாய்லர் அறையில் அமைதி. முள் சிவப்புக் கோட்டுக்கு நன்றாகக் கீழே அழகாக நின்றது. முள்ளு கொண்டுவந்திருந்த ரொட்டியைப் பிரித்து நிம்மதியாகத் தின்றான். மணி இல்லை என்றால் குறையில்லை. இஸ்திரிக் கூடத்தில் ஆவி ஜோராக ஓடுகிறது என்று நினைத்தான்.

ஓடவில்லை. கூடத்துக்குப் போகும் குழாயில் எங்கோ தண்ணீர் அடைத்துக்கொண்டிருந்தது. பாய்லரில் அழுத்தம் இருந்தது. உருளைக்குச் சூடு போய்ச் சேரவில்லை. விரிப்புகள் ஈரமாகவே வெளியே வந்தன. மடிப்பக்கா ஒவ்வொன்றையும் வாங்கினாள். தடவினாள். மடித்தாள். நாலு மூலையும் அச்சாக உட்கார்ந்தன. தள்ளுவண்டி நிறைந்தது. இன்னொரு தள்ளுவண்டியும் நிறைந்தது.

மேற்பார்வை அம்மா அந்த வழியாக வந்தாள். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும், இந்த இரைச்சலில் வாயால் கூப்பிட முடியாது என்பதால். அடுக்கின்மேல் கை வைத்தவள் கையை உதறினாள்.

“என்ன இது, தண்ணி சொட்டுது!”

அதே நொடியில் ஒரு விரிப்பு உருளையை விட்டு வரவில்லை. ஈரத் துணி அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே போகப் பார்க்கும். மடிப்பக்கா அதைப் பிய்த்து எடுக்கக் கை நீட்டினாள். ஆயிரம் தடவை செய்த வேலை. நீட்டி, பிடித்து, வெடுக்கென்று இழுக்க வேண்டும்.

நீட்டினாள். பிடித்தாள். இழுக்கவில்லை.

விரிப்பு அவள் கையையும் அழைத்துக்கொண்டு நகர்ந்தது. நீல ஸ்வெட்டரின் கை நுனி உருளைக்கு அடியில் போனது. அவள் அதைப் பார்த்தாள். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“அக்கா!”

வாயாடி தலைக்கு மேலே இருந்த, இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றில் அப்படியே தொங்கினாள். விசில் அலறியது. உருளை முனகிக்கொண்டு நின்றது. விரல்களுக்கு வெளியே தொங்கிய ஸ்வெட்டர் கை நுனி உள்ளே போய் நசுங்கியிருந்தது. விரிப்பை அவள் ஸ்வெட்டர் கையோடு சேர்த்துத்தான் பிடித்திருந்தாள்; விரல்களை உள்ளே மடக்கி வைத்திருந்ததால் அவை தப்பித்தன. குளிருக்காக மடக்கி வைத்திருந்தாள்.

முள்ளு முற்றத்தைத் தாண்டி ஓடி வந்தபோது வாயாடி கத்தரிக்கோலால் ஸ்வெட்டர் கையை வெட்டிக்கொண்டிருந்தாள். வாயாடி பேசவில்லை. அதுதான் அவனை முதலில் பயமுறுத்தியது.

“ஏன் மணி அடிக்கல நீ?” என்றான் அவன். கேட்க வேண்டிய கேள்வி அதுதானா என்று அவனுக்கே தெரியவில்லை.

அவள் யோசித்தாள். கூடமே காத்திருந்தது.

“ஈரமா இருந்துச்சு” என்றாள். “தெரிஞ்சுச்சு. அடிக்கணும்னு நினைச்சேன். நினைச்சுக்கிட்டே இருந்தேன்.”

மேற்பார்வை அம்மா அவனைத் தனியாக அழைத்துப் போனாள். “இவ இல்லாம இந்தக் கூடத்தை நடத்த முடியும்னு நான் நினைச்சதே இல்ல முள்ளு. ஆனா இந்த நிலைமையில உருளைகிட்ட நிக்க விட மாட்டேன். இன்னைக்கு ஸ்வெட்டர் போச்சு. நாளைக்குக் கை போகும். கூட்டிட்டுப் போய் என்னன்னு பாரு. சரியாகி வந்தா இடம் இருக்கு. ஆகலைன்னா வேற ஆளைத்தான் போடணும்.”

*

வேறு லேபுக்குக் கூட்டிப் போனான். பழைய லேபின் இயந்திரம் கெட்டுப்போயிருக்கிறது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. மறுநாள் காகிதத்தை வாங்க அவன் மட்டும் போனான்.

இந்தக் காகிதத்தில் ஒன்றுக்கு இரண்டு வரிகள் இருந்தன. டி.எஸ்.எச். எண்பதைத் தாண்டியிருந்தது. அம்பு மேலே பார்த்தது. அதற்குக் கீழே ஃப்ரீ டி-ஃபோர் என்று ஒன்று. அதன் அம்பு கீழே பார்த்தது.

முள்ளு கவுண்டரில் காகிதத்தை ஓங்கி வைத்தான். ரத்தம் எடுக்கும் பெண் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“மேடம், உங்க மெஷினும் போச்சு.”

“ஏன் சார்?”

“ஒரே ஆளு, ஒரே ரத்தம். ஒண்ணு ஏறுது, ஒண்ணு இறங்குது. ஒரே பாய்லர்ல ரெண்டு மீட்டர் வேற வேற காட்டினா அதுல ஒண்ணு ரிப்பேர்னு அர்த்தம். எது ரிப்பேர், சொல்லுங்க.”

அவள் காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். சீட்டு ஒட்டுவதை நிறுத்தினாள். “ரெண்டும் சரியாத்தான் சார் இருக்கு. இந்த டி-ஃபோர்தான் தைராய்டு சுரக்கறது. அது ரொம்பக் கம்மி. டி.எஸ்.எச். தைராய்டு சுரக்கறது இல்ல. அது தலையிலேர்ந்து வருது.”

“தலையிலேர்ந்தா? தைராய்டு கழுத்துலன்னு சொன்னாங்களே!”

“தைராய்டு கழுத்துலதான். மூளைக்கு அடியில இன்னொரு சுரப்பி இருக்கு. அது கழுத்துக்கு உத்தரவு போடும். அந்த உத்தரவுதான் டி.எஸ்.எச். இவங்க மாத்திரை எதாவது சாப்பிடறாங்களா?”

“சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. நிறுத்திட்டோம்.”

“யாரு நிறுத்தச் சொன்னது?”

“நான்தான்.”

“நீங்க டாக்டரா?”

“பாய்லர்.”

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் வரவில்லை. “சார், நான் ரத்தம் எடுக்கிற ஆளு. மாத்திரையைப் பத்தி முடிவு எடுக்க எனக்கும் உரிமை இல்ல, உங்களுக்கும் இல்ல. இந்தக் காகிதத்தோட அவங்களைக் கூட்டிக்கிட்டு இன்னைக்கே டாக்டரைப் பாருங்க. நாளைக்குன்னு வச்சுக்காதீங்க.”

*

வெயில் சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டான். வழி முழுக்கத் தலைக்குள் அம்புகள் மேலும் கீழும் பறந்தன. கதவைத் திறந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள்.

“என்னடா சொன்னாங்க?”

“ஒண்ணுமே புரியலக்கா. தைராய்டு கம்மியாம்.”

“கம்மியா? நீ கூடிப்போச்சுன்னியே!”

“கூடியும் இருக்கு. கம்மியாவும் இருக்கு. கூடினது தைராய்டு இல்லையாம். அது தலையில இருந்து வர்ற உத்தரவாம்.”

“யாருக்கு யாரு உத்தரவு?”

“தலை கழுத்துக்குப் போடுதாம்.”

“எதுக்குப் போடணும்?”

“அது எனக்கெப்படிக்கா தெரியும்? நான் கழுத்தா?”

மனைவி கட்டிலில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை வெட்டுப்பட்ட ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. முள்ளு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். அவளிடமே எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். தீயைக் குறைத்தது, முள் ஏறியது, அணைத்தது, இன்னும் ஏறியது, இரண்டு மீட்டர், இரண்டு அம்பு, தலை, கழுத்து. சொல்லச் சொல்ல அவனுக்கே குழம்பியது. “எந்த பாய்லர்லயும் இப்படி நடக்காது” என்று முடித்தான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

அவள் எதையோ சொல்ல வந்தாள். வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

“என்ன?” என்றான்.

“இருடா, வரும்” என்றாள் அக்கா. “நடுவுல பேசாதே. இவ பேச்சு இப்ப கடைசி பஸ்ஸு மாதிரி. லேட்டா வரும், ஆனா வரும்.”

காத்திருந்தார்கள். தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

“நான் மணி அடிச்சா” என்றாள் அவள், ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி வைத்து, “நீங்க என்ன செய்வீங்க?”

“தீயைக் கூட்டுவேன்.”

“ஏன்?”

“ஏன்னா… ஆவி பத்தலைன்னுதானே நீ அடிக்கிறே?”

“நான் விடாம அடிச்சா?”

“ரொம்பக் கம்மின்னு…”

அவன் வாய் அப்படியே நின்றது.

“அது முள்ளு இல்லைங்க” என்றாள் அவள். “மணி.”

முள்ளு காகிதத்தைக் கையில் எடுத்தான். ஒன்பது. இருபத்தெட்டு. எண்பதுக்கு மேல். தலைக்குள்ளே யாரோ பொத்தானில் கையை வைத்தார்கள். ஆவி பத்தலை என்று அடித்தார்கள். அவன் தீயைக் குறைத்தான். இன்னும் வேகமாக அடித்தார்கள். மொத்தமாக அணைத்தான். அதற்கப்புறம் கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவனோ காதைப் பொத்திக்கொண்டு, சத்தம் ஏன் ஏறுகிறது என்று கேட்டிருக்கிறான்.

“அடிக்க அடிக்க அணைச்சிருக்கேனே” என்றான். “என் பொண்டாட்டி அடிச்ச மணிக்கு நான் ஒரு நாளும் அப்படிப் பண்ணினதில்லையே.”

“அழுதது போதும்” என்றாள் அக்கா, தானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “வண்டியைக் கூப்பிடு. நானும் வர்றேன். உன்னைத் தனியா அனுப்பினா அங்க போயும் டாக்டருக்கு பாய்லர் பாடம் நடத்துவே.”

*

வெளியூரிலிருந்து திரும்பியிருந்த டாக்டர் காகிதங்களை வரிசையாக மேஜையில் பரப்பினார். அவள் இமையைப் பார்த்தார். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் உதைத்தது, ஆனால் திரும்பிக் கீழே வர அதற்கு மனமே இல்லை. இதயத் துடிப்பைப் பதிவு செய்து, அந்தக் காகிதத்தையும் நிதானமாகப் பார்த்தார். அப்புறம்தான் முள்ளுவைப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தீங்கன்னா என்கிட்ட வந்திருக்க மாட்டீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டுப் போயிருப்பீங்க. உடம்பு அப்படியே அடங்கிப்போயிருக்கும். புரியுதா?”

“புரியுது சார்.”

“மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்பவே ஒன்பது வந்திருக்கு. அது ஏன்? அம்மா, மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீங்க?”

“காலையில எழுந்ததும்” என்றாள் அவள். “கால்சியம் மாத்திரையோட.”

“எந்தக் கால்சியம்?”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “முட்டி வலின்னா. நான் சாப்பிடறதுல ஒண்ணு குடுத்தேன். தினமும். ரெண்டையும் ஒரே வாயில போட்டா வேலை மிச்சம்னு நான்தான் சொன்னேன்.”

“கால்சியம் கூடப் போனா தைராய்டு மாத்திரை உடம்புல சேராதும்மா. அது வெறும் வயித்துல, தண்ணியோட, தனியாப் போகணும். கால்சியத்துக்கு மதியத்துக்கு மேல நேரம் குடுங்க. அந்த ஒன்பதுக்கு அதுதான் காரணமா இருக்கலாம்.”

முள்ளு அக்காவை மெதுவாகத் திரும்பிப் பார்த்தான்.

“என்னடா பாக்கறே? நான் குழாயைக் கொஞ்சம் அடைச்சேன். அடுப்பையே அணைச்சது நீ.”

டாக்டர் பழைய அளவையே எழுதினார். ஒன்றரை மாதம் கழித்து மறுபடி ரத்தம். நடுவில் தினமும் பரிசோதித்துப் பார்க்கக் கூடாது, அந்த எண் மெதுவாகத்தான் இறங்கும் என்றார்.

“ஆறிப்போன பாய்லரையும் ஒரேயடியா சூடு பண்ணக் கூடாது சார்” என்றான் முள்ளு. “விரிசல் விட்டுடும்.”

அக்கா அவன் காலை மிதித்தாள். ஆனால் அவனுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

“அப்ப மணி அடிக்கலைன்னா எல்லாம் சரியா இருக்குன்னு நம்பலாமா சார்?”

டாக்டருக்கு மணி விவகாரம் தெரியாது. அவள்தான் விளக்கினாள். ஆமை வேகத்தில். அவர் பேனாவை வைத்துவிட்டு முழுதும் கேட்டார்.

“பெரும்பாலும் நம்பலாம்” என்றார். “ஆனா மணி அடிக்கிற ஆளே அசந்துட்டா? அப்பவும் சத்தம் வராது. அதனாலதான் சந்தேகம்னா மணியையும் பாப்போம், ஆவியையும் பாப்போம். டி.எஸ்.எச். ஒண்ணு, டி-ஃபோர் ஒண்ணு.”

முள்ளு தன் மனைவியைப் பார்த்தான். ரொட்டி தின்றுகொண்டு, மணி இல்லை, குறையில்லை என்று உட்கார்ந்திருந்த அந்தக் காலை அவனுக்கு நினைவு வந்தது.

*

அன்றிரவே அலமாரிக்கு மேலே இருந்த டப்பா கட்டில் பக்கத்துக்கு வந்தது. கால்சியம் டப்பாவை அக்கா சமையலறையின் மறுகோடிக்குக் கடத்தினாள். “ரெண்டுக்கும் பேச்சு வார்த்தை இல்ல” என்றாள்.

முதலில் திரும்பி வந்தது சண்டைதான். ஒரு நாள் சோற்றில் உப்பு அதிகம் என்று அக்கா சொன்னாள். “உப்பு போட்டது நீங்கதான் அண்ணி” என்று பதில் உடனே வந்தது. அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தம்பியிடம் சொன்னாள். “பேசிட்டாடா! எதிர்த்துப் பேசிட்டா!”

அடுத்த காகிதத்தில் பன்னிரண்டு என்று இருந்தது. டி-ஃபோர் பக்கத்தில் அம்பு இல்லை. “இன்னும் சிவப்புதானே சார்?” என்று முள்ளு பதறினான். இறங்குகிற வழியில் இருக்கிறது, விடுங்கள் என்றார் டாக்டர். முள்ளு விட்டான். முழுதாகப் புரிந்து விட்டதாகச் சொல்ல முடியாது. கூடுதல் என்றால் குறைவு என்பதை ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் ஒருமுறை திருப்பிப் போட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அவள் வேலைக்குத் திரும்பினாள். மேற்பார்வை அம்மா சில நாள் துணி எண்ணும் இடத்தில் உட்கார வைத்தாள். பிறகு, கண்ணை எடுக்காமல், உருளைப் பக்கம் விட்டாள்.

அந்த முதல் நாள் மணி அடிக்கவே இல்லை.

முள் அழகாக நின்றது. பாய்லர் அறையில் அமைதி. முள்ளு ரொட்டியைப் பிரித்தான். மூடினான். மறுபடி பிரித்தான். எழுந்து முற்றத்தைத் தாண்டி நடந்தான். கடைசிப் பாதியை ஓடினான்.

கூடத்தில் உருளை சுற்றிக்கொண்டிருந்தது. தூணில், பொத்தானுக்கு மேலே, ஒரு கை இல்லாத நீல ஸ்வெட்டர் தொங்கியது. அவள் நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு ஒரு விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன?” என்றாள் அவள், தலை தூக்காமல்.

“மணி அடிக்கல.”

“ஆவி நல்லா வருது. எதுக்கு அடிக்கணும்?”

அவன் அவள் கையிலிருந்த விரிப்பை வாங்கினான். உள்ளங்கையால் தடவினான். காய்ந்திருந்தது. சுட்டது. அதைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் விரல்களையும் ஒரு நொடி பிடித்துப் பார்த்தான். அவையும் வெதுவெதுப்பாக இருந்தன.

“பாத்தாச்சா? போங்க. அங்க தீ தனியா இருக்கு.”

“முள்ளு அண்ணே, எங்களையும் தொட்டுப் பாத்துட்டுப் போங்க, நாங்களும் காய்ஞ்சிட்டோமான்னு!” என்றாள் வாயாடி. கூடம் சிரித்தது. ஈரத் துணி ஒன்று சுருண்டு பறந்து வந்து வாயாடியின் முகத்தில் விழுந்தது.

அவன் பாய்லர் அறைக்குள் காலை வைத்த அதே நொடியில் மணி அடித்தது. ஒரு தடவை இல்லை. விடாமல்.

முள்ளு பாய்ந்துபோய் முள்ளைப் பார்த்தான். சரியாக இருந்தது. குழாயைத் தொட்டான். கொதித்தது. இப்போதுதானே தடவிப் பார்த்தான், துணி காய்ந்திருந்ததே! மணி நிற்கவில்லை. கை வால்வில் இருந்தது. கூட்டுவதா, குறைப்பதா? கூடுதல் என்றால் குறைவு. குறைவு என்றால்? வியர்த்துக் கொட்ட நடுவில் நின்றான்.

முற்றத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இயந்திர இரைச்சலையும் மீறி, பெண்கள் எல்லாரும் சேர்ந்து சிரிப்பது கேட்டது. அதில் ஒரு குரல் கரகரப்பெல்லாம் போய்ப் பழையபடி கேட்டது.

அவன் வால்விலிருந்து கையை எடுத்தான். ரொட்டியைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்து, மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட ஆரம்பித்தான்.